ஒரே ஒரு 'சாரி'... எத்தனை அர்த்தம்! 24 பேரை வீட்டுக்கு அனுப்பிய சொல்லின் கதை

பாட்டி இறந்துவிட்டார். செய்தி கேட்டதும் பேரனின் கல்லூரித் தோழன் போன் செய்கிறான். ஸ்பீக்கரில் அவன் குரல்: "சாரிடா மச்சான்... ரொம்ப சாரிடா."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்குக் குழப்பம். "அந்தப் புள்ள என்னடா தப்பு பண்ணுச்சு? எதுக்கு உன்கிட்ட மன்னிப்பு கேக்குது?"

எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அத்தையின் கேள்வியிலும் தவறில்லை. நமக்கு 'சாரி' என்றால் மன்னிப்பு. பஸ்ஸில் யார் காலையாவது மிதித்தால் சாரி. ஆபீஸுக்கு லேட்டாகப் போனால் சாரி. ராங் நம்பருக்கும் சாரி. சின்னப் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் "அண்ணாகிட்ட சாரி சொல்லு" என்றுதான் வீட்டில் பழக்குகிறோம்.

ஆனால், மன்னிப்பு கேட்பது இந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து சேர்ந்த வேலை. அது பிறந்தது வேறு ஒரு வேலைக்காக.

பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் 'வலி நிறைந்த', 'மனம் நொந்த' என்பதுதான். தொண்டை வலியை 'சோர் த்ரோட்' என்கிறோமே, அந்த 'சோர்' இருக்கும் வேரிலிருந்துதான் 'சாரி'யும் முளைத்தது. துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ' என்ற சொல் இதன் உடன்பிறப்பு போலத் தெரியும். அது வேறு வேர். காலப்போக்கில் இரண்டும் நெருங்கிப் பழகி முகஜாடை ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆக, துக்க வீட்டுக்குப் போன் செய்து 'சாரி' என்பவர், அந்தச் சொல்லின் ஆதிப் பொருளைத்தான் பயன்படுத்துகிறார். 'எனக்கும் வலிக்கிறது' என்பது அதன் அர்த்தம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில், ஒருவர் இறந்த பிறகு உறவுகள் கூடித் துக்கம் அனுசரிப்பதற்கும் அதற்கான சடங்குகளுக்கும் 'சாரி பிசினஸ்' என்றே பெயர். அங்கே யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்பதில்லை.

ஒரு சின்ன 'ஃபார்' செய்யும் பெரிய வம்பு

இலக்கணப்படி 'சாரி' ஒரு பெயரடை. 'ஹாப்பி', 'சேட்' போல. அதனால்தான் 'ஐ ஆம் சாரி' என்கிறோம். 'நான் வருத்தத்தில் இருக்கிறேன்' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அதற்குப் பின்னால் வரும் சொல்லைப் பொறுத்து அர்த்தம் திசை மாறும்.

'சாரி ஃபார் தி டிலே' என்றால் தாமதத்துக்கு மன்னிக்கவும். 'சாரி டு டிஸ்டர்ப் யூ' என்றால் தொந்தரவு தருவதற்கு மன்னிக்கவும். 'சாரி டு ஹியர் தட்' என்றால் கேட்கவே வருத்தமாக இருக்கிறது. இவை எல்லாம் சரி.

இப்போது, மேனேஜரிடம் மன்னிப்பு கேட்க நினைத்து ஒருவர் 'ஐ ஆம் சாரி ஃபார் யூ' என்று மெயில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'உங்களிடம் வருந்துகிறேன்' என்பது அவர் மனசில் இருந்தது. மேனேஜர் படிப்பது, 'உங்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது!' இன்கிரிமென்ட் நேரத்தில் இப்படி ஒரு மெயில் தேவையா? 'ஃபார்' என்பதற்குப் பிறகு ஆளை வைத்தால் பரிதாபம். செய்த தவறை வைத்தால் மன்னிப்பு. ஆளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'ஐ ஓ யூ அன் அபாலஜி' என்று எழுதிவிடலாம்.

இதே 'சாரி' ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் அதன் முகமே மாறிவிடும். 'எ சாரி ஸ்டேட்' என்றால் பரிதாப நிலை. பராமரிப்பில்லாத பஸ் ஸ்டாண்டைப் பற்றி ஆங்கில நாளிதழ்களில் இந்தப் பிரயோகத்தை அடிக்கடி பார்க்கலாம். கிரிக்கெட் அணி கேவலமாகத் தோற்றால் 'கட் எ சாரி ஃபிகர்' என்று எழுதுவார்கள்.

கடைசியைக் கொஞ்சம் இழுத்து, கேள்வி போல 'சாரி...?' என்றால் 'என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க' என்று பொருள். 'யூ வில் பி சாரி' என்று யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அது மிரட்டல். 'பின்னால் வருத்தப்படுவாய்' என்கிறார்.

11 நாள், இரண்டு 'வெரி சாரி'

வருத்தமா, மன்னிப்பா? இந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவே 24 பேர் சிக்கிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

2001-ம் ஆண்டு ஏப்ரல் 1. தென் சீனக் கடலுக்கு மேலே அமெரிக்கக் கடற்படையின் இ.பி-3 உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலில் விழுந்தார். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. சேதமடைந்த அமெரிக்க விமானம், அனுமதி பெறாமலேயே சீனாவின் ஹைனான் தீவில் அவசரமாகத் தரையிறங்கியது. அதில் இருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டது.

மோதலுக்கு யார் காரணம் என்பதில் இரு நாடுகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டின. முழு மன்னிப்பு கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. அதற்குச் சீனர்கள் கேட்ட சொல் 'தாவ்சியென்'. குற்றத்தை ஏற்றுக்கொண்டு கேட்கும் மன்னிப்பு அது. 'மன்னிப்பு கேட்க எங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை' என்பது அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவலின் நிலைப்பாடு. 'வருத்தம்' வரை இறங்கி வந்தார்கள். சீனாவுக்கு அது போதவில்லை.

அப்போதுதான் 'சாரி' கைகொடுத்தது. ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் ப்ரூயர், சீன வெளியுறவு அமைச்சரிடம் ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கு ஒரு 'வெரி சாரி'. அனுமதி இல்லாமல் சீன எல்லைக்குள் நுழைந்து தரையிறங்கியதற்கு இன்னொரு 'வெரி சாரி'. 'அபாலஜி' என்ற சொல் மட்டும் கடிதத்தில் எங்குமே இல்லை!

சீன ஊடகங்கள் இந்த 'வெரி சாரி'யை, 'ஆழ்ந்த மன்னிப்பைத் தெரிவிக்கிறோம்' என்ற தொனி வரும்படி மொழிபெயர்த்து மக்களிடம் கொடுத்தன. அமெரிக்காவோ, 'அனுதாபம்தான் சொன்னோம், குற்றத்தை ஏற்கவில்லை' என்று தன் மக்களிடம் சொல்லிக்கொண்டது. இரண்டு தரப்புக்கும் மானம் தப்பியது. மறுநாள் 24 பேரும் விமானம் ஏறினார்கள். அவர்கள் வந்த விமானத்தைச் சீனா பறக்க விடவில்லை. அது ஜூலையில்தான், பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டு, ரஷ்யச் சரக்கு விமானத்தில் ஊர் திரும்பியது.

அந்தக் கடிதத்துக்கு 'இரண்டு வெரி சாரி கடிதம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொல் தெளிவாக இல்லாமல் இருப்பதும் சில சமயம் உபகாரம்தான் போல.

பங்காளிகளை அறிவோம்

அமெரிக்கா அவ்வளவு பயந்த 'அபாலஜி' என்ற சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. கிரேக்க மொழியின் 'அபாலஜியா'விலிருந்து வந்தது அது. அங்கே அதன் பொருள் மன்னிப்பு அல்ல. நீதிமன்றத்தில் தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்லும் வாதம்! சாக்ரடீஸின் விசாரணையைப் பற்றி பிளேட்டோ எழுதிய நூலின் பெயர் 'அபாலஜி'. தலைப்பைப் பார்த்து, சாக்ரடீஸ் மன்னிப்பு கேட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசி வரை அவர் கேட்கவே இல்லை. பிற்பாடுதான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் தலைகீழாகத் திரும்பி, 'தவறு என்னுடையது' என்று ஒப்புக்கொள்ளும் சொல்லானது.

நம் நாட்டில் அபாலஜிக்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. 1971-ம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கும் மன்னிப்பு நீதிமன்றத்துக்குத் திருப்தி அளித்தால் தண்டனையிலிருந்து தப்பலாம்.

அப்படி ஒரு வாய்ப்பு, இந்தச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே காந்திக்கு வந்தது. சத்தியாகிரக உறுதிமொழியில் கையெழுத்திட்ட வழக்கறிஞர்களைப் பற்றி அகமதாபாத் மாவட்ட நீதிபதி எழுதிய கடிதத்தை, 1919-ல் 'யங் இந்தியா' இதழில் காந்தி வெளியிட்டார். மன்னிப்பு கேட்டு இதழில் பிரசுரித்தால் போதும், விவகாரம் முடிந்தது. காந்தி விளக்கம் கொடுக்க முன்வந்தார். மன்னிப்பு கேட்க மாட்டேன் என்றார். செய்தது தவறு என்று மனசில் படாதபோது அந்தச் சொல்லை எழுதுவது எப்படி என்பது அவர் நியாயம். 1920 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரைக் கண்டித்து, எச்சரித்து விட்டது. ஒரு 'சாரி'யில் முடித்திருக்க வேண்டியதை இவ்வளவு தூரம் இழுத்தாரே என்று இன்றைக்குத் தோன்றலாம்.

பயன்படுத்தும்போது ஒரு கவனம்: 'அபாலஜைஸ்' வினைச்சொல். 'ஐ அபாலஜைஸ் யூ' என்பது தவறு. 'ஐ அபாலஜைஸ் டு யூ' என்று நடுவில் 'டு' வேண்டும். மெயிலில் சுருக்கமாக எழுத 'மை அபாலஜீஸ்' போதும், பன்மையில்.

அடுத்தது 'ரிக்ரெட்'. இந்தச் சொல்லின் வலி ரயில் டிக்கெட் போட்டவர்களுக்குத் தெரியும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போக ஆசையாக ஆப்பைத் திறந்தால், வெயிட்டிங் லிஸ்ட்கூட இல்லாமல் 'ரிக்ரெட்' என்று வருமே, அதேதான். ரயில் தாமதமானால் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று ஸ்டேஷனில் அறிவிப்பதும் இந்த 'ரிக்ரெட்'தான். வேலைக்கு விண்ணப்பித்து, 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று தொடங்கும் மெயில் வந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். அழைப்பிதழின் கீழே 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று இருந்தால், வர முடியாதவர்கள் மட்டும் தகவல் சொன்னால் போதும் என்று அர்த்தம்.

'ரிக்ரெட்'டில் வருத்தம் இருக்கும். பொறுப்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசாங்கங்களுக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். 1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் உத்தரவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், பிரிட்டிஷ் அரசின் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். அதன் நூறாவது ஆண்டு நெருங்கிய நேரம், 2019 ஏப்ரல் 10 அன்று, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் எழுந்தார். ஆழ்ந்த 'ரிக்ரெட்' தெரிவித்தார். அது மட்டும் போதாது, தெளிவான முழு 'அபாலஜி' வேண்டும் என்றார் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின். அது வரவில்லை. நூறு வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது, ரயில் தாமதத்துக்குச் சொல்லும் அதே சொல்!

இன்னொன்றும் உண்டு. 'ஐ ரிக்ரெட் டு சே' என்றால் 'சொல்வதற்கு வருந்துகிறேன்', இனிமேல்தான் கெட்ட செய்தி வரப்போகிறது. 'ஐ ரிக்ரெட் சேயிங்' என்றால் 'சொன்னதற்கு வருந்துகிறேன்', அதாவது வாயை விட்டாகிவிட்டது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

'பார்டன்' கொஞ்சம் மேல்தட்டுச் சொல். பேச்சில் 'பார்டன்?' என்றால் காதில் விழவில்லை என்று பொருள். சட்டத்தில் அதே சொல்லுக்கு ஓர் உயிரின் கனம் வந்துவிடும். அரசியலமைப்பின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவு ஆளுநருக்கும் தருகிற மன்னிப்பு அதிகாரம் இந்தப் 'பார்டன்'தான்.

'எக்ஸ்கியூஸ் மீ' விஷயத்தில் குழப்பமே வேண்டாம். கூட்டத்தில் வழி கேட்டு நகரும் முன் 'எக்ஸ்கியூஸ் மீ'. நகரும்போது யார் மேலாவது இடித்துவிட்டால் 'சாரி'.

வானத்தில் எழுதிய 'சாரி'

ஒரு நாடு பத்து வருடங்களுக்கு மேல் இந்த ஒற்றைச் சொல்லுக்காகக் காத்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளை அரசே தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்த கொடுமை 1970-கள் வரைகூட நடந்தது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். அதை விசாரித்த அறிக்கை 1997-ல் வெளியானது. அரசு மன்னிப்பு கேட்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

முந்தைய தலைமுறை செய்ததற்கு இன்றைய தலைமுறை எப்படிப் பொறுப்பேற்கும் என்றார் அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட். 1999-ல் நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் இருந்த சொல்... ஆமாம், 'ரிக்ரெட்'.

மக்கள் காத்திருக்கவில்லை. 1998 மே 26-ஐ 'நேஷனல் சாரி டே' என்று கடைப்பிடித்தார்கள். 'சாரி புக்ஸ்' என்ற பெயரில் நோட்டுப் புத்தகங்களை வைத்து, சாதாரண ஜனங்கள் தங்கள் கைப்பட மன்னிப்பு எழுதிக் கையெழுத்திட்டார்கள். 2000 மே 28 அன்று சிட்னி துறைமுகப் பாலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தபோது, மேலே ஒரு விமானம் புகையால் வானத்தில் 'சாரி' என்று எழுதிவிட்டுப் போனது.

அடுத்த பிரதமர் கெவின் ரட் 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பேசினார். 'ரிக்ரெட்' பக்கமே போகவில்லை. தாய்மார்களிடம், தகப்பன்களிடம், சிதறடிக்கப்பட்ட குடும்பங்களிடம் நேராக 'சாரி' என்றார். ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து மூன்று தடவை. நகரங்களில் பெரிய திரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள். அவர்கள் வழக்கில் 'சாரி' என்பது துக்கத்துக்கும் பெயர் என்பதை நினைத்தால், அந்தக் கண்ணீர் நமக்கும் புரியும்.

'சாரி சொன்னால் தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடுமே' என்ற பயம் அரசாங்கங்களுக்கு மட்டுமல்ல, மருத்துவமனைகளுக்கும் கம்பெனிகளுக்கும் உண்டு. இதற்குச் சில நாடுகள் சட்டத்திலேயே வழி செய்துவிட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ல் வந்த இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்பு கேட்டது ஒன்றை மட்டும் வைத்து அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2009-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. அதன் பெயரே 'அபாலஜி ஆக்ட்'. சிகிச்சையில் ஏதோ பிசகிவிட்டால், வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் டாக்டர் வந்து வாய் திறந்து 'சாரி' சொல்லலாம். நாளைக்கு அதையே எடுத்துக் கோர்ட்டில் காட்ட முடியாது.

நம் பக்கம் கதை வேறு. 'ரமணா' படத்தில் விஜயகாந்த் மன்னிப்பைப் பற்றிச் சொல்லும் வசனம் வந்து 20 வருடங்களுக்கு மேலாகியும் மீம்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தச் சொல்லோடு நமக்கு இருக்கும் பிணக்கு அப்படி. 'மன்னிப்பு' கனமாக இருப்பதால்தான் 'சாரி'யை இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் இளையவர்களுக்குத்தான். ராத்திரி பிள்ளையைத் திட்டிவிட்ட அப்பா, காலையில் 'சாரி' சொல்லமாட்டார். "சாப்பிட்டியா?" என்பார். பிள்ளைக்கும் அது புரிந்துவிடும்.

சோஷியல் மீடியாவில் வரும் இன்னொரு ரகம்தான் ஆபத்தானது. 'யார் மனதாவது புண்பட்டிருந்தால் சாரி.' இந்த 'இருந்தால்' எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தவறு பேசியவர் மேல் இல்லை, புண்பட்டவர் மேல்தான் என்று பந்தைத் திருப்பி அடிக்கிற தந்திரம் அது. 'சாரி, ஆனா...' என்பதும் அதே ஜாதிதான். 'ஆனா'வுக்குப் பிறகு வருவதெல்லாம் பழைய கிரேக்கத்து 'அபாலஜியா', தன் பக்கத்து வக்கீல் வாதம்.

ஆபீஸ் மெயிலில் தவறை ஏற்பதாக இருந்தால், என்ன தவறு என்று ஒரு வரியில் சொல்லி 'ஐ அபாலஜைஸ்' என்று எழுதுங்கள். சின்ன விஷயத்துக்கு 'சாரி அபௌட் தட்' போதும். ஒருவர் இறந்த செய்தி குரூப்பில் வந்தால் 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று முழுசாக எழுதலாம். 'ஃபார் யூ' என்று பாதியில் நிறுத்திவிட்டால், துக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டதாகிவிடும்.

அத்தையின் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. பேரன் அவரிடம் இப்படிச் சொல்லலாம்: "அவன் தப்பு எதுவும் பண்ணல அத்தை. பாட்டி போனது அவனுக்கும் வலிக்குதாம்."